தொடக்கநிலை ஃபிளை கட்டும் பெட்டி: கருவி தேறியது, இறகு தேறவில்லை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஃபெர்கஸ், எலோரா ஆகிய ஊர்களின் வழியே ஓடும் கிராண்ட் ஆற்றில் பழுப்பு டிரௌட் மீன் பிடிக்கச் செல்வது என் கோடைக்கால வழக்கம். 1942இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாண்ட் அணையின் அடிமட்டத்திலிருந்து வெளிவரும் குளிர்ந்த நீரே அந்த மீன்களை அங்கு வாழவைக்கிறது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்யப்படும் ஃபிளை ஒன்றின் விலை கடையில் ஏறத்தாழ 3 டாலர். ஒரே மாலையில் ஆறு ஃபிளைகளை மரக்கிளைகளுக்குக் காணிக்கையாக்கிய பிறகு, நானே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்து, இணையத்தில் 80 டாலருக்குத் தொடக்கநிலைப் பெட்டி ஒன்றை வாங்கினேன்.

முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸ், நூலைத் தாங்கும் பாபின், கத்தரிக்கோல், முடிச்சுக் கருவி ஆகியவை விலைக்கு ஏற்ற தரத்தில் உள்ளன. எண் கூடக்கூட முள் சிறியதாகும் என்பதால் 18ஆம் எண் முள்ளை அந்த வைஸ் நழுவவிடுகிறது; 8 முதல் 14 வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

முட்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கிராண்ட் ஆற்றின் சில பகுதிகளில் எதிர்முள் (முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்) இல்லாத தூண்டிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதால், எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குவது வழக்கம். பெட்டியிலிருந்த 25 முட்களில் ஒன்பது, அப்படி நசுக்கியபோதே முனை ஒடிந்துவிட்டன. நூலும் தடித்ததே; நான்கு சுற்றுக்குள் முள்ளின் காது, அதாவது தூண்டில் நரம்பைக் கோக்கும் துளை, அடைபட்டுவிடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு மெல்லிய 70 டெனியர் நூலுக்கு மாறியபோதுதான், பாபினை எதிர்த்திசையில் சுழற்றினால் முறுக்கு அவிழ்ந்து நூல் நாடாபோலப் படியும் என்பதே எனக்குப் புரிந்தது.

பெரிய ஏமாற்றம் சேவலின் கழுத்திறகு. நீர்ப்பரப்பில் மிதக்க வேண்டிய ஃபிளைக்கு இறகின் இழைகள் விறைப்பாக இருக்க வேண்டும். அவற்றின் நீளம் முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் இடையிலான அகலத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் அமைய வேண்டும். பெட்டியில் வந்தவையோ பஞ்சுபோல மென்மையாகவும், 14ஆம் எண் முள்ளுக்கு மிக நீளமாகவும் இருந்ததால், கட்டிய ஃபிளைகள் தண்ணீரைத் தொட்டதும் மூழ்கின. இதற்கெனவே தலைமுறை தலைமுறையாகச் சேவல் வளர்க்கும் பண்ணைகள் அமெரிக்காவில் உள்ளன. அவற்றின் இறகு விலை கூடியதுதான் என்றாலும், முள்ளின் அளவுக்கேற்பப் பிரித்து, ஏறத்தாழ நூறு ஃபிளைகளுக்குப் போதுமான சிறு பொட்டலமாகவும் கிடைப்பதால், இறகுகளோடு கூடிய முழுத்தோலை வாங்கித் திணற வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த மென்மையான இறகை எறிந்துவிட வேண்டாம். நீருக்குள் இழுக்கப்படும் ஊலி பக்கர் என்னும் ஃபிளைக்கு அசையும் இறகே தேவை; வாலுக்கு மராபூ, உடலுக்குச் செனில் என்னும் பஞ்சுபோன்ற கயிறு, அதன்மேல் சுற்ற இந்தக் கழுத்திறகு என மூன்றும் பெட்டியிலேயே இருக்கின்றன. மராபூ என்பது ஒரு நாரையின் பெயர். இன்று அப்பெயரில் விற்கப்படுவதோ வான்கோழி இறகு. பெட்டியிலுள்ளவற்றுள் மிகச் சிறந்த சரக்கும் அதுவே.

மயிலிறகின் இழைகளும் நல்ல பளபளப்புடன் வந்துள்ளன. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் மொழியைப் பேசிக்கொண்டே அதை முள்ளில் சுற்றுவது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. இழை எளிதில் அறுபடும் என்பதால், அதன்மேல் எதிர்த்திசையில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிக்கொள்வது நல்லது. அந்தக் கம்பி பெட்டியில் இல்லை. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர், ஃபெசன்ட் பறவையின் வாலிறகையும் செம்புக் கம்பியையும் மட்டும் கொண்டு, நூலே இல்லாமல், நீருக்குள் வாழும் இளம்பூச்சியைப் போன்ற புகழ்பெற்ற நிம்ஃப் வகை ஃபிளை ஒன்றைக் கட்டினார் என்பதை நினைத்தால், இந்த விடுபாடு இன்னும் உறுத்துகிறது. மான் முடியும் சாயமேற்றிய முயல் உரோமமும் பயன்படுத்தத்தக்கவை.

ஒடிந்த முட்களின் படத்தை அனுப்பியதும், விற்பனையாளர் 10 டாலரைத் திருப்பித் தந்தார். அந்தப் பணத்தில் 10ஆம் எண் முட்கள் ஒரு பொட்டலமும் செம்புக் கம்பி ஒரு சுருளும் வாங்கினேன். அதற்குப் பிறகு கட்டிய பதினொரு ஊலி பக்கர்களில் ஒன்றுகூட ஒடியவில்லை.