ஹாஸ்டல் மாணவரின் ஓட்டு: சொந்த ஊரிலா, கல்லூரி ஊரிலா?

விடுதியில் தங்கிப் படிப்பவர் வீட்டு முகவரியிலும் வாக்காளராக இருக்கலாம், விடுதி முகவரியிலும் இருக்கலாம். ஆனால் ஏதாவது ஓரிடத்தில்தான். தபால் ஓட்டு மாணவர்களுக்குக் கிடையாது. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட வழிசெய்யும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அறிவித்தது; அதுவும் கட்சிகளின் எதிர்ப்பால் அப்படியே நின்றுவிட்டது. ஆக, தேர்தல் நாளில் எந்த ஊரில் இருக்க முடியும் என்பதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

வசதி என்று பார்த்தால் விடுதி முகவரிதான். 2024 மக்களவைத் தேர்தல் தமிழ்நாட்டில் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறையும் சேர்த்து ஊருக்குப் போய் வர முடிந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலோ செவ்வாய்க்கிழமை. சென்னையில் படிக்கும் தென்காசிப் பிள்ளைக்கு ஒரு நாள் லீவு எந்த மூலைக்கு? விடுதி முகவரியில் சேருவதும் கஷ்டமில்லை. அங்கீகாரம் பெற்ற, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருந்தால் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-உடன் கல்லூரி முதல்வரின் சான்று போதும். ஊரில் ஏற்கெனவே ஓட்டு இருந்தால் படிவம் 8 மூலம் மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லோரும் மாற்றிவிடலாமே? கிராமத்துப் பிள்ளைகளிடம் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலும் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்தே தயாராகிறது. பெயரை மாற்றினால் எம்.எல்.ஏ. ஓட்டோடு ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் போய்விடும். கிராம சபையில் உறுப்பினர் என்பவர் அந்த ஊராட்சிப் பட்டியலில் பெயர் உள்ளவர்தான். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது; அவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் விடுமுறை நாட்கள். குடிநீர்க் குழாய் ஏன் வரவில்லை என்று தலைவரை நேருக்கு நேர் கேட்கும் உரிமை அங்கேதான் இருக்கிறது. 21 வயதானால் வார்டு உறுப்பினராகப் போட்டியிடவும் அந்த ஊர்ப் பட்டியலில் பெயர் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் மட்டும் இருக்கப்போகும் ஊருக்காக இதையெல்லாம் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விடுதி முகவரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிப்பு முடிந்து அறையைக் காலி செய்தபின் பலர் பெயரை மாற்றுவதில்லை. தமிழ்நாட்டில் 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் போல வீடு வீடாகச் சரிபார்க்கும்போது, முகவரியில் ஆள் இல்லையென்றால் பெயர் நீக்கப்படலாம். பெற்றோர் வீட்டில் என்றால் சரிபார்க்க வருபவர் தரும் படிவத்தை வாங்கிவைக்கவாவது ஒருவர் இருப்பார்.

டெல்லி, கரக்பூர் என்று வெளிமாநிலத்தில் படித்து, தேர்தலுக்கு ஊர் வரவே வழியில்லாதவர்கள் தயங்காமல் விடுதிக்கு மாற்றிவிடுங்கள். போடவே முடியாத ஓட்டை ஊரில் வைத்திருப்பதால் பலனில்லை. ஓர் இரவு பஸ் பயணத்தில் ஊர் போய்ச் சேர முடிகிற கிராமத்து மாணவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் தேர்தல் தேதி அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யார் பெயரையும் சேர்க்கவோ மாற்றவோ சட்டத்தில் இடமில்லை. 17 வயது முடிந்தவர்கள் இப்போதே விண்ணப்பித்து வைக்கலாம்.