வி.எஸ்.டி. 3, ஏ.யூ., கிளாப்: பல வருடம் புழங்கிய பிறகு

இசை மென்பொருளுக்குள் இணைந்து இயங்கும் ஒரு சின்தசைசர் பிளகினை நிறுவப் போனால், அது எந்த வடிவத்தில் வேண்டும் என்று இன்ஸ்டாலர் வரிசையாகக் கட்டங்களைக் காட்டும்: வி.எஸ்.டி. 2, வி.எஸ்.டி. 3, ஏ.ஏ.எக்ஸ்., கிளாப். மேக் என்றால் ஏ.யூ.வும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலானோர் எல்லாவற்றிலும் டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிறகு ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளின் பட்டியலில் ஒரே ஈ.க்யூ. (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் பிளகின்) மூன்று பெயர்களில் நிற்கும்; எந்தப் பாட்டில் எதைப் போட்டோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. நான் விண்டோஸில் ரீப்பரும், வயலின் வாசிக்கும் நண்பருக்காக மேக்கில் ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக்கும் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இந்த வடிவங்கள் என்னிடம் எப்படி நடந்துகொண்டன என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வதந்தியைத் தீர்த்துவிடலாம். வி.எஸ்.டி. 3-இல் ஒலி தெளிவாக இருக்கிறது என்று ஸ்டுடியோக்களில் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. சோதிப்பது எளிது. ஒரே ஈ.க்யூ.வை ஒரே அமைப்பில் இரண்டு வடிவங்களிலும் ரெண்டர் செய்து (ஒலிக்கோப்பாக்கி), ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள். நான் செய்து பார்த்தவற்றில் மிஞ்சியது மௌனம்தான், அதாவது இரண்டும் ஒன்றே. ஒலியை அலையவிடும் கோரஸ் போன்ற பிளகின்களில் அலைவு ஒவ்வொரு முறையும் வேறு புள்ளியில் தொடங்கக்கூடும் என்பதால் முழுதாக ரத்தாகாது. அதை வைத்து வடிவத்துக்குப் பெருமை சேர்க்க வேண்டாம். ஒலியைச் செய்வது உள்ளே இருக்கும் கணக்கு. வடிவம் அந்தக் கணக்கும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் முறை மட்டுமே.

அந்தப் பேச்சு முறையில்தான் வேறுபாடுகள் தெரிகின்றன. கியூபேஸ் என்ற இசை மென்பொருளைச் செய்யும் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1996-இல் வி.எஸ்.டி.யைக் கொண்டுவந்தது, 1999-இல் இரண்டாம் பதிப்பு, 2008-இல் மூன்றாம் பதிப்பு. இரண்டாம் பதிப்பு எல்லோருக்கும் பழகிப் போனதால் மூன்றாவதை நெடுநாள் யாரும் சீண்டவில்லை. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள்கூட 10.1 பதிப்பில், 2019-இல்தான் அதை ஏற்றது. இப்போது நிலைமை வேறு. 2018 அக்டோபருக்குப் பிறகு புதிதாக வருகிற நிறுவனங்களுக்கு வி.எஸ்.டி. 2 உரிமம் கிடைப்பதில்லை. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் கியூபேஸை இயல்பு நிலையில் ஓட்டினால் வி.எஸ்.டி. 2 பிளகின்கள் கண்ணிலேயே படாது. இன்டெல் மேக்குக்கு எழுதிய மென்பொருளை ஓட்ட உதவும் ரொசெட்டா வழியாகத் திறந்தால்தான் உண்டு.

என்னைப் பொறுத்தவரை வி.எஸ்.டி. 3-இன் பெரிய லாபம் சைடுசெயின், அதாவது ஒரு டிராக்கின் ஒலியைக் கொண்டு இன்னொன்றின் பிளகினை இயக்குவது. பேஸ் கிட்டாரின் ஒலியளவை அடக்கும் கம்ப்ரசரைக் கிக் டிரம் இயக்க வேண்டுமென்றால், அதற்கான நுழைவாயில் பிளகினிலேயே முறையாக அறிவிக்கப்பட்டிருக்கும். ஒலி வராத நேரத்தில் பிளகின் ஓய்ந்துகிடக்கவும் இதில் வழி இருக்கிறது. இடையிடையே மட்டும் வந்துபோகும் குரல் டிராக்குகளில் கனமான ரிவெர்ப் போட்டிருந்தால், பழைய மடிக்கணினியில் இந்த மிச்சம் கண்கூடாகத் தெரியும். எல்லா பிளகினும் இதைச் செய்கிறதா என்றால் இல்லை; எழுதியவரின் அக்கறையைப் பொறுத்தது.

வி.எஸ்.டி. 3-இன் தலைவலி மிடி, அதாவது கீபோர்டில் எதை எப்படி வாசித்தோம் என்று சொல்லும் செய்தி. கீபோர்டிலுள்ள மாட் வீல், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டு ஆகிய சக்கரங்களின் அசைவை மிடி செய்தியாக அப்படியே பிளகினுக்குக் கொடுப்பது வி.எஸ்.டி. 3-இன் வழக்கமில்லை. ஒவ்வொன்றும் ஒரு பாராமீட்டருடன் (பிளகினில் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் அமைப்புடன்) இணைக்கப்பட்டு, அதன் வழியாகவே போய்ச் சேர வேண்டும். இதைச் சமாளிக்கச் சில பிளகின்கள் 16 சேனலுக்கும் தலா 130 வீதம் 2,080 வெற்றுப் பாராமீட்டர்களை உருவாக்கி வைத்துக்கொள்கின்றன. பாட்டின் போக்கில் தானாக மாற வேண்டிய பாராமீட்டரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டோமேஷன் பட்டியலைத் திறந்து ஃபில்டரைத் தேடினால் பொங்கல் கூட்டத்தில் ஆளைத் தேடுவது போலிருக்கும். கீபோர்டில் நாதஸ்வர ஒலியை வைத்துக் கமகம் வாசிப்பவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் சங்கதி இல்லை. நன்றாக எழுதப்பட்ட பிளகினில் பிட்ச் பெண்டு வழுக்கிக்கொண்டு போகிறது. சோம்பேறித்தனமாக எழுதப்பட்டதில் தோடியின் காந்தாரம் படிக்கட்டு இறங்குகிறது. எனவே எந்தக் கருவி பிளகினையும் வாங்குமுன் டெமோவில் பெண்டு சக்கரத்தை மெதுவாக உருட்டிப் பார்த்துவிடுகிறேன்.

ஆப்பிளின் சொந்த வடிவமான ஏ.யூ. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாஜிக் அதை மட்டுமே திறக்கும். ஆகவே அங்கே தேர்வு என்ற பேச்சே கிடையாது. புதிய பிளகின் வந்தால் லாஜிக் அதைச் சோதித்துப் பார்த்து, தேறாததை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கொஞ்சம் கெடுபிடிதான், ஆனால் எனக்குப் பிடித்த கெடுபிடி. மேக்கில் ரீப்பரை ஓட்டும்போது மட்டும் ஏ.யூ.வைத் தொடுவதில்லை; அந்தப் புராஜெக்ட் நாளை விண்டோஸுக்கு வந்தால் அத்தனை டிராக்கும் ஊமையாகிவிடும். ஏ.ஏ.எக்ஸ். முக்கியமாகப் புரோ டூல்ஸ் என்ற ஸ்டுடியோ மென்பொருளுக்கானது. அது இல்லாதவர்கள் அந்த டிக்கை எடுத்துவிட்டு வட்டில் இடத்தை மிச்சப்படுத்தலாம்.

கிளாப்தான் இப்போது எனக்கு மிகவும் பிடித்தது. சின்த் பிளகின்கள் செய்யும் யூ-ஹீயும் இசை மென்பொருள் செய்யும் பிட்விக்கும் சேர்ந்து முன்னெடுத்து, 2022 ஜூனில் 1.0 பதிப்பாக, யாரும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டார்கள். யாரும் யாரிடமும் ஒப்பந்தம் போட வேண்டியதில்லை. மிடியை மிடியாகவே வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியே அசைவு கொடுக்க இடமிருக்கிறது. பிட்விக்கில் இதைக் கேட்டால் மற்றவை தட்டையாகத் தெரியும். கணினியின் பல கோர்களை யார் எப்போது பயன்படுத்துவது என்பதை மென்பொருளும் பிளகினும் பேசிவைத்துக்கொள்ளவும் முடிகிறது. இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்.டி. என்ற சின்தை இந்த வடிவத்தில் போட்டுப் பாருங்கள். ரீப்பரும் எஃப்.எல். ஸ்டுடியோவும் ஏற்கின்றன, கியூபேஸிலும் லாஜிக்கிலும் இடமில்லை. தனியாக வேலை செய்பவருக்கு இது குறையே இல்லை. புராஜெக்டைப் பிறருக்கு அனுப்பி வாங்குபவர் யோசிக்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் எனக்கு உண்மையான இழப்பு வந்தது ஒரே இடத்தில். ஒரு நிறுவனம் தன் பழைய சின்தின் வி.எஸ்.டி. 2 வடிவத்தைக் கைவிட்டு வி.எஸ்.டி. 3 மட்டும் கொடுத்தது. பழையதின் இடத்தில் புதியது தானாகப் போய் உட்கார வி.எஸ்.டி. 3-இல் வழி இருக்கிறது; பிளகினை எழுதுபவர் தன் பழைய அடையாள எண்ணை அறிவித்தால் போதும். அதை அவர்கள் செய்யவில்லை. நான் சேமித்திருந்த ஒலி அமைப்புகளான எஃப்.எக்ஸ்.பி. பிரீசெட்டுகளையும் புதியது திறக்க மறுத்தது. அந்தப் பாடல்களில் பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் ஒலிகளைக் காதால் கேட்டு மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. கடிதம் எழுதினேன், புதிய பதிப்பை வாங்கச் சொல்லித் தள்ளுபடிக் கூப்பன் வந்தது.

அதிலிருந்து பாடல் முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் 24 பிட் வேவ் கோப்பாக ரெண்டர் செய்து அதே ஃபோல்டரில் வைத்துவிடுகிறேன். கருவி டிராக்குகளுக்கு மிடி கோப்பும் தனியே. முடிந்த இடங்களில் எளிய வேலைகளை ரீப்பரின் ஜே.எஸ். பிளகின்களிடம் விட்டுவிடுகிறேன், அவை வெறும் உரைக் கோப்புகள், இன்ஸ்டாலரும் கிடையாது, உரிமச் சரிபார்ப்பும் கிடையாது.

இப்போதைய ஏற்பாடு இதுதான். விண்டோஸில் எல்லாமே வி.எஸ்.டி. 3, எனக்கென்று மட்டும் செய்யும் சின்த் இசைக்குக் கிளாப், லாஜிக் இருக்கும் மேக்கில் ஏ.யூ.வும் வி.எஸ்.டி. 3-உம். வி.எஸ்.டி. 2-இல் மட்டுமே கிடைக்கும் சில இலவச பிளகின்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் இன்ஸ்டாலர்களை வெளிவட்டில் நகலெடுத்து வைத்திருக்கிறேன். பழைய புராஜெக்டுகளைத் திறப்பதற்கு மட்டும், புதிய பாட்டில் சேர்ப்பதில்லை.