பி.காம். கணக்கா, கணினியா, பி.பி.ஏ.வா?

அண்ணன் மகள் இந்த ஆண்டு வணிகவியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். கல்லூரிக்கு அவள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் மூன்று படிப்புகள்: பி.காம். கணக்கியலும் நிதியும், பி.காம். கணினிப் பயன்பாடு, பி.பி.ஏ. "சித்தப்பா, நீங்களே சொல்லுங்கள்" என்றாள். நான் பி.காம். படித்து, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கியல்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். மூன்றும் மூன்றாண்டுப் படிப்புகள்தான். வங்கித் தேர்வுக்கும் குரூப் 2 தேர்வுக்கும் ஏதோ ஒரு பட்டம் போதும். பிறகு எம்.பி.ஏ. படிக்க மூன்றிலிருந்தும் வழி உண்டு. ஒரே கல்லூரியிலேயே அரசு உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இருக்கும். கணினிப் பயன்பாடு பெரும்பாலும் சுயநிதிப் பக்கம்தான். இன்னொன்று, பி.காம். என்பதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சி.ஏ. என்று போட்டிருந்தால் அது ஆடிட்டர் படிப்பு என்று நம்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அது கணினிப் பயன்பாடு, அவ்வளவுதான்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு. வகுப்பில் படித்தது எத்தனை ஆண்டு செல்லும், பழசாகிப் போனதைப் புதுப்பிக்க எவ்வளவு பாடுபட வேண்டும்?

இதில் கணக்கியலின் குறையை முதலில் சொல்வதே நியாயம். அதன் வரிப் பாடங்கள் சீக்கிரம் காலாவதியாகும். தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் பழைய விற்பனை வரி போய் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 அன்று வாட், கலால், சேவை வரி எல்லாவற்றையும் ஜிஎஸ்டி விழுங்கியது. இப்போது வருமான வரியின் முறை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று மாணவர்களைக் குழப்பிய இரட்டை ஏற்பாடு போய், வரி ஆண்டு என்று ஒன்றே ஒன்று வந்துவிட்டது. ஒப்பந்ததாரர் பில்லைப் பார்த்தவுடன், பணம் தரும்போதே வரி பிடிக்கும் டிடிஎஸ்ஸுக்கான பழைய பிரிவு எண்ணை, "194சி" என்று வாய் தானாகச் சொன்ன காலமும் முடிந்தது. சம்பளம் நீங்கலான டிடிஎஸ் இனங்கள் 393ஆம் பிரிவில் அட்டவணையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட மறுபடி புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். கணக்கியல் படித்தால் வேலை நிம்மதியாக ஓடும் என்று நினைப்பவர் இந்தத் தலைவலியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஆனால் சட்டம் மாறும்போது யார் எழுந்து நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தால்தான் படிப்பின் மதிப்பு தெரியும். ஜிஎஸ்டி வந்த வாரத்தில் எங்கள் ஊர்க் கணக்கு அலுவலகங்களில் பெரிய கேள்வி, ஜூன் 30 அன்று கையிலிருந்த வாட் உள்ளீட்டு வரவு, அதாவது கொள்முதலில் கட்டிவிட்டு இனிமேல் கழித்துக்கொள்ள வேண்டிய வரி, என்னவாகும் என்பது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் எப்8 விற்பனை, எப்9 கொள்முதல் என்று விசைகளை மட்டும் பழகியவர்கள் மென்பொருளில் புது வசதி வரட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த வரவு அரசிடமிருந்து நமக்கு வர வேண்டிய ஒரு சொத்து, பேரேட்டில் அது பற்று இருப்பு என்று புரிந்தவர்களுக்குக் குழப்பமில்லை. பழைய கணக்கை முடித்து மாநில ஜிஎஸ்டி கணக்கில் தொடக்க இருப்பாக வைக்க வேண்டும், டிரான்-1 படிவம் அதற்கான காகிதம், அவ்வளவே. சட்டம் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் புதிது. பதிவு எங்கே விழும் என்பது கணக்குப் படித்தவருக்குப் பழையது.

அடக்க விலைக் கணக்கியல் இன்னும் நீண்ட நாள் உழைக்கும். கல்லூரியில் செயல்முறைக் கணக்கு நடத்தும்போது 'இயல்பு நட்டம்' என்று ஒரு பகுதி வரும்; வேலை நடக்கும்போது தவிர்க்க முடியாமல் குறையும் சரக்கு அது. பாதி வகுப்பு தூங்கும். திருப்பூரில் அதை வைத்துத்தான் சோறு. கிலோ 300 ரூபாய் வீதம் 100 கிலோ துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, சாயக்கூலி கிலோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 40,000. திரும்பி வருவது 95 கிலோ என்றால் கிலோவின் அடக்கம் 400 அல்ல, 421 ரூபாய். அந்த 21 ரூபாயை விட்டுவிட்டு வெளிநாட்டு வாங்குபவருக்கு விலை சொன்னால் ஆர்டர் கிடைக்கும், லாபம் கிடைக்காது. இந்தப் பாடத்தை எந்தப் பட்ஜெட்டும் மாற்றப் போவதில்லை.

கணினிப் பயன்பாட்டுக்கு வருகிறேன். அதில் அடிப்படைக் கணக்கியல் உண்டு. ஆனால் நான் பார்த்த பாடத்திட்டங்களில் நிறுமக் கணக்கும் அடக்க விலையும் சுருங்கி, அந்த இடத்தில் நிரல் மொழி, தரவுத்தளம், ஆய்வகம் என்று உட்கார்ந்திருக்கின்றன. சீக்கிரம் பழசாவது இந்தப் பகுதிதான். டேலியே 2020இல் டேலி பிரைம் ஆனபோது முகப்பு மாறிப்போனது. பழைய திரையைப் படம் பிடித்தாற்போல் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறினார்கள். அதே சமயம், அங்கிருந்து வரும் பிள்ளைகளிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதை மறுக்க மாட்டேன். எங்களுக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை மாதாமாதம் எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அதில் வராத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது. நாங்கள் பேனாவால் டிக் அடித்துக்கொண்டிருக்கும் வேலையை அவர்கள் எக்செல்லில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் எக்செல்லை வேலைக்கு வந்த பிறகு கற்றவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகு இயல்பு நட்டத்தைத் தானாக உட்கார்ந்து படித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எம்.சி.ஏ. பக்கம் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் கணினிப் பயன்பாட்டுக்கே என் ஓட்டு.

பி.பி.ஏ. பற்றிச் சொல்ல எனக்கு அதிக உரிமை இல்லை. படித்த சிலரை அறிவேன். குடும்பத் தொழிலுக்குத் திரும்பியவர்கள் சந்தைப்படுத்தலிலும் ஆட்களை நடத்துவதிலும் தேறியிருக்கிறார்கள். வெளியில் வேலை தேடியவர்கள் எம்.பி.ஏ.வும் சேர்த்துப் படித்தார்கள். பெருநகர நிறுவனங்களில் நிலைமை வேறாக இருக்கலாம். நான் பார்த்தது பனியன் ஊரை மட்டும்தான்.

ஆடிட்டர் ஆகும் கனவு இருந்தால் கணக்கியலுக்கு இன்னொரு வலு கூடுகிறது. வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. அடிப்படைத் தேர்வை எழுதாமலே இடைநிலைக்குப் போகலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு 60 சதவீதம் வேண்டும். 2023இல் வந்த புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் பயிற்சிக் காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு அடிப்படைத் தேர்வையும் எழுதி ஓட நினைப்பவர்கள், கல்லூரி காலை ஷிப்டா மாலை ஷிப்டா என்று பார்த்துச் சேர வேண்டும். பயிற்சி தொடங்கிவிட்டால் பகல் முழுவதும் அலுவலகம்தான்.

தொடக்கச் சம்பளத்தைப் பார்த்து யாரும் கணக்கியலுக்கு வர வேண்டாம். ஆடிட்டர் அலுவலகத்தின் முதல் வேலையில் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான். மாதம் 11ஆம் தேதி விற்பனை விவரத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்ட 3பி என்று நாள்காட்டி துரத்தும். பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய இருப்பாய்வு பொருந்தாமல் நூறு ரூபாய் உதைத்தால், அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மனம் வராத ஆளுக்கே இது சரிப்படும். "நூறு ரூபாய்தானே" என்று தோன்றுகிறவருக்கு பி.பி.ஏ. எத்தனையோ மேல்.

அண்ணன் மகளிடம் இரண்டு வேலை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டத்தையும் எடுத்து, ஆறு பருவத்திலும் கணக்குப் போட்டு எழுத வேண்டிய தாள்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். படிப்பின் பெயர் எப்படியும் இருக்கட்டும். இரண்டாவது, அங்கே படிக்கும் அக்காக்களிடம் வருமான வரித் தாளுக்கு எந்த ஆண்டுச் சட்டத்தை நடத்துகிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். இன்னும் 1961தான் என்று பதில் வந்தால், அந்தக் கல்லூரியைப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கிவிடலாம்.