சி.வி.பி: தண்ணீர்க் குழாயா, மானிட்டரா?

போன மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு அம்மா வந்தார், கடும் காய்ச்சலோடு. வார்டில் தண்ணீர் மானோமீட்டர், சி.வி.பி. (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள ரத்த அழுத்தம்) 11 என்று எழுதியிருந்தது. எங்கள் ஐ.சி.யூ.வுக்கு வந்ததும் மானிட்டரில் 8. "குறைஞ்சுபோச்சு" என்று ட்ரிப்பைத் திறந்துவிட்டோம். விடியற்காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது, நுரையீரலில் நீர். உண்மையில் எதுவுமே குறையவில்லை. மானோமீட்டர் சொல்வது செ.மீ. தண்ணீர், மானிட்டர் சொல்வது மி.மீ. பாதரசம். 1 மி.மீ. பாதரசம் என்பது 1.36 செ.மீ. தண்ணீர். 11-ம் 8-ம் ஒன்றேதான். ஊசி போட்டுத் தேறினார் என்றாலும் அந்த இரவு இன்னும் மறக்கவில்லை.

மானோமீட்டர் என்பது கொத்தனார் பிடிக்கும் டியூப் லெவல் மாதிரிதான். சலைனை நிரப்பி த்ரீ-வேயை (மூன்று வழித் திருகை) நோயாளி பக்கம் திருப்பினால் தண்ணீர் மளமளவென்று இறங்கி ஓரிடத்தில் நின்று, மூச்சோடு லேசாக அசையும். அசையவில்லையா, லைன் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செலவு குறைவு, கரண்ட்டும் வேண்டாம்.

மானிட்டரோடு இணைக்கும் டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை மின் சிக்னலாக மாற்றும் கருவி) அழுத்தத்தின் அலையையே காட்டும். மூச்சை விட்டு முடிக்கும் நொடியின் எண்ணைப் பிடிக்கலாம். வெண்டிலேட்டரில் பீப் (PEEP, மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் தங்கவைக்கும் அழுத்தம்) கூடினால் சி.வி.பி.யும் கூடும் என்பதால், அந்த நோயாளிகளுக்கு நான் இதைத்தான் கேட்பேன்.

ஆனால் ஜீரோ, அதாவது இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டிய தொடக்கப் புள்ளி, தப்பினால் இரண்டுமே பொய் சொல்லும். அக்குள் நடுக்கோடும் நாலாவது விலா இடைவெளியும் சேரும் இடத்தில் பேனாவால் மார்க் போடுங்கள். கட்டிலை மட்டும் 10 செ.மீ. உயர்த்திவிட்டு ஸ்டாண்டை அப்படியே விட்டால், அளவும் 10 செ.மீ. கூடிவிடும்.

சரி, எண் கிடைத்தது. அதை வைத்து திரவம் கொடுக்கலாமா? செப்சிஸுக்கு (தொற்று உடல் முழுக்கப் பாதிக்கும் நிலை) சி.வி.பி.யை 8 முதல் 12 மி.மீ. வரை ஏற்ற வேண்டும் என்ற வழக்கம் 2001-ல் வந்த ஓர் ஆய்வால் பரவியது. 2014, 2015-ல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அந்த முறையால் கூடுதல் உயிர் பிழைக்கவில்லை. காலைத் தூக்கிப் பிடித்து, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறதா என்று எக்கோவில் பார்ப்பதுதான் இதைவிட மேல். அதேசமயம், பி.பி. இறங்க இறங்க சி.வி.பி. ஏறினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், இதயத்தின் வலது பக்கம் களைத்திருக்கலாம்.

அப்புறம், சார்ட்டில் வெறும் எண்ணை எழுதாதீர்கள். செ.மீ.யா மி.மீ.யா, தலைமாடு எவ்வளவு உயரம், பீப் எவ்வளவு என்று மூன்றையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.