குடம்புளி பாக்கெட்: குழம்புக்குச் சரி, மற்றதை நம்பாதீர்கள்

கோட்டயம் பாணி மீன்கறிக்காக ஆன்லைனில் கால் கிலோ குடம்புளி (புளிப்புக்குப் போடும் காய்ந்த பழத்தோல்) வாங்கினேன், சரக்கு நன்றாகவே இருக்கிறது. மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டைச் சேர்ந்தது, பழம் பழுப்பதோ மழைக்காலத்தில், அதனால் தோலை வெயிலை மட்டும் நம்பிக் காயவைக்க முடியாமல் புகைபோட்டுக் கறுப்பாக்குகிறார்கள். பாக்கெட்டைப் பிரித்ததுமே அந்த வாசம் தூக்குகிறது. துண்டுகள் தடிமனாக, பிசுபிசுவென்று, மடக்கினால் உடையாமல் வளைகின்றன.

கழுவி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடேயே மண்சட்டியில் போட்டேன். அரைக் கிலோ மத்திக்கு மூன்று துண்டு போதும், கூடினால் பல் கூசும். நம்ம புளி மாதிரி கரைந்து குழம்பைக் கெட்டியாக்காது. ருசி மறுநாள்தான் முழுசாக இறங்குகிறது.

குறை என்றால் காம்பும் கொட்டையும் கலந்து எடை கட்டியிருக்கிறார்கள், கேட்டால் பதிலே இல்லை. அப்புறம், பின்பக்கம் 'உடல் எடை குறையும்' என்று ஒரு வரி, எதற்கு இது? எடையைக் குறைக்கும் என்று சொல்லப்படும் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் குடம்புளியில் இருப்பது உண்மைதான், ஆனால் எடை குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, குடம்புளிச் சாற்றில் செய்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. மீன் வாங்கும் வீடு என்றால் தாராளமாக வாங்கலாம்.