மாரடைப்புக்கு முதலில் ஊசியா, நேராக ஆஞ்சியோவா?

என் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது விடியற்காலை மூன்று மணிக்கு. வாயுப் பிடிப்பு என்றார். சுக்குக் கஷாயம் கொடுத்தோம், அப்புறம் சோடா. சட்டை நனையும் அளவு வியர்த்த பிறகுதான் காரை எடுத்தோம். வழியில் தாலுகா அரசு மருத்துவமனையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இங்கே என்ன இருக்கப் போகுது, நேரா சிட்டிக்கே போயிடலாம்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இரண்டேகால் மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்ததும் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள், உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 30 சதவீதமாகக் குறைந்துவிட்டது. டாக்டர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "வழியிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே?"

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து, வழி முழுதாக அடைபடும்போது ஈசிஜியில் எஸ்.டி. என்ற கோடு மேலேறிக் காட்டும். நான் எழுதுவது இந்த வகை மாரடைப்பைப் பற்றி மட்டுமே. குழாய் பாதி அடைபட்டு வரும் இன்னொரு வகைக்கு, உறைவைக் கரைக்கும் ஊசி பயன்படாது, கெடுதலே செய்யும். அதனால் ஈசிஜி எடுக்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

முழு அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள். ஒன்று, மருந்தை நரம்பில் ஏற்றி உறைவைக் கரைப்பது. மற்றொன்று, ஆஞ்சியோ செய்து, கை மணிக்கட்டு அல்லது தொடை வழியாகக் கம்பியைச் செலுத்தி, பலூனை விரித்து, ஸ்டென்ட் வைப்பது; இதைச் சுருக்கமாகப் பலூன் என்கிறேன்.

ஊசியின் கதை பழையது, ஆனால் பெரியது. 1986-இல் இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைச் சோதித்தார்கள். ஜிஸ்ஸி என்று பெயர் பெற்ற ஆய்வு அது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களிடம் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆறு மணி நேரம் தாண்டியவர்களுக்குச் சொல்லும்படி பலன் இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். அதில் ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களிடம் இறப்பு 23 சதவீதம் குறைந்தது, ஊசி மட்டும் போட்டவர்களிடம் 25 சதவீதம், இரண்டும் சேர்ந்தபோது 42 சதவீதம். எந்தப் பெட்டிக்கடை மருந்தகத்திலும் கிடைக்கும் ஆஸ்பிரின் ஓர் ஊசிக்குச் சமமாக நின்றது என்பதை இன்றும் ஆச்சரியத்தோடுதான் படிக்கிறேன்.

ஊசியிலும் இரண்டு ரகம் உண்டு, வித்தியாசம் சின்னதல்ல. ஸ்ட்ரெப்டோகைனேஸ் விலை குறைவு. 15 லட்சம் யூனிட்டை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ரத்த அழுத்தம் விழலாம். பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்து என்பதால் உடல் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது, அதனால் ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போடுவதில்லை. டெனெக்டிபிளேஸ் விலை அதிகம். உடல் எடையைப் பார்த்து அளவு எடுத்து, பத்து நொடிக்குள் ஒரே ஊசியாகப் போட்டு முடித்துவிடலாம். குழாயை முழுதாகத் திறப்பதிலும் இதுதான் மேல். கிடைக்கும் இடத்தில் நான் டெனெக்டிபிளேஸ் பக்கம்தான். அது இல்லை என்பதற்காக ஸ்ட்ரெப்டோகைனேஸ் வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

சரி, பலூன் பக்கம் வருவோம். நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் பலூன்தான் ஜெயிக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. 2003-இல் லான்செட் இதழ் 23 ஆய்வுகளின், 7,739 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து வெளியிட்டது. குறுகிய காலத்தில் இறந்தவர்கள் ஊசியில் 9 சதவீதம், பலூனில் 7. மறுபடி மாரடைப்பு வந்தது ஊசியில் 7 சதவீதம், பலூனில் 3. பக்கவாதம் ஊசியில் 2 சதவீதம், பலூனில் 1. ஊசி திறக்கத் தவறும் குழாய்களையும் பலூன் திறந்துவிடுகிறது. மூளையில் ரத்தக்கசிவு பயமும் குறைவு.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு நிபந்தனை உண்டு, அது கடிகாரம். ஈசிஜியில் மாரடைப்பு உறுதியான நொடியிலிருந்து 120 நிமிடத்துக்குள் கம்பி அடைப்பைத் தாண்டிவிடும் என்றால் பலூன். முடியாது என்றால் தாமதிக்காமல் ஊசி, ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி பத்து நிமிடத்துக்குள். இந்த 120 நிமிடத்தில் சாலைப் பயணம் மட்டும் அடங்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவது, இறக்குவது, நடு இரவில் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) ஊழியர்களைக் கூப்பிடுவது, கையெழுத்து, பணம் புரட்டுவது எல்லாம் அதற்குள்தான். எங்கள் இரண்டேகால் மணி நேரம் கார் ஓடிய நேரம் மட்டுமே.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிக்கு இறங்கவே 40 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கப்புறம்தான் கோவைச் சாலை. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நெஞ்சடைத்தால் 120 நிமிடம் என்பது பேச்சுக்குக்கூட நிற்காது. சென்னையில் கேத் லேப் உள்ள மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு ஊசியைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. நோய் ஒன்றுதான், சரியான சிகிச்சை ஊருக்கு ஊர் மாறுகிறது.

இங்கேதான் மூன்றாவது வழி வருகிறது. பக்கத்து மருத்துவமனையில் ஊசியைப் போட்டுவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்புவது. 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஈசிஜியை மறுபடி பார்ப்பார்கள். மேலேறிய கோடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் உறைவு கரைந்திருக்கிறது என்று பொருள், ஆஞ்சியோவை 2 முதல் 24 மணி நேரத்துக்குள் நிதானமாகச் செய்யலாம். இறங்காவிட்டால் உடனே பலூன்.

2013-இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வு இதைத்தான் சோதித்தது. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் பலூன் கிடைக்க வழியில்லாத 1,892 பேர். இறப்பு, ரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு எல்லாம் சேர்த்து 30 நாளில் ஊசி வழியில் 12.4 சதவீதம், நேரடி பலூனில் 14.3. இரண்டும் ஏறக்குறைய சமம்தான். அதே நேரம், ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கு அவசர ஆஞ்சியோ தேவைப்பட்டது. ஆகவே ஊசி போட்டு வலி குறைந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது பாதி சிகிச்சைதான்.

மூளை ரத்தக்கசிவு ஊசி வழியில் 1 சதவீதம், பலூனில் 0.2. 75 வயது தாண்டியவர்களுக்கு ஊசி மருந்தின் அளவைப் பாதியாக்கிய பிறகு அந்த இடைவெளி சுருங்கியது. 60 வயது தாண்டியவர்களிடம் பாதி அளவைச் சோதித்த ஸ்ட்ரீம்-2 2023-இல் வெளியானது. குழாய் திறப்பதில் குறையில்லை, ஆனால் ஊசி போட்ட சுமார் 400 பேரில் ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது, பலூன் பக்கம் யாருக்கும் இல்லை. அந்த ஆறில் மூன்று, நெறிமுறை மீறியதால் வந்தவை: இருவருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கூடிப்போனது, ஒருவருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லை. வயதானவர்களுக்கு ஊசி போடும்போது இந்த அபாயத்தைக் குடும்பத்திடம் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்பு மூளையில் ரத்தக்கசிவு வந்தவர், அண்மையில் பக்கவாதமோ தலைக்காயமோ பெரிய அறுவைச் சிகிச்சையோ கண்டவர், இவர்களுக்கு ஊசி கிடையாது. எவ்வளவு தூரமானாலும் பலூன்தான். வலி வந்து பல மணி நேரம் கழித்து வருபவருக்கும் அப்படியே, உறைவு இறுகிவிட்டால் மருந்து அதில் இறங்காது.

தமிழ்நாடே இதற்கு ஒரு சோதனைக் களமாக இருந்திருக்கிறது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு ஆம்புலன்ஸாலும் ஈசிஜி தகவலாலும் இணைத்த டிஎன்-ஸ்டெமி திட்டத்தின் முடிவு 2017-இல் வந்தது. 2,420 நோயாளிகள். இணைப்புக்கு முன் ஒரு வருட இறப்பு 17.6 சதவீதம், பின் 14.2. புதிய மருந்து எதுவும் இல்லை, இருந்ததைக் கோத்ததில் கிடைத்த பலன். இந்தியா முழுவதும் 89 மருத்துவமனைகளில் நடந்து 2008-இல் வெளியான கிரியேட் ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனை சேர ஆன இடைநிலை நேரம் ஆறு மணி நேரம். ஜிஸ்ஸியில் பலன் மறைந்துபோன அதே ஆறு மணி நேரம்!

அதனால்தான் 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் நெஞ்சுவலிக்காரருக்கு 14 மாத்திரைகளை ஒரே தடவையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் எட்டு. இது ஊசிக்கும் பலூனுக்கும் மாற்று இல்லை, அவற்றைச் சென்றடையும் வரை தாக்குப்பிடிக்க. இதை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு தானாக விழுங்குவதும் சரியல்ல. வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறவருக்கும், பெருந்தமனி கிழிந்தவருக்கும் இதே மாத்திரைகள் ஆபத்து.

என் கணக்கு இப்போது இதுதான். கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கு, கதவு முதல் கதவு வரை, ஒரு மணி நேரத்துக்குள் போக முடிந்தால் நேராகப் போவேன். முடியாதென்றால் வழியில் ஈசிஜி எடுத்து ஊசி போடும் முதல் இடத்தில் இறங்குவேன், பிறகு 108-இல் மேலே போவேன். பெரியப்பா வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு மருத்துவமனைகளின் தொலைபேசி எண்கள் ஒட்டியிருக்கின்றன. தாலுகா மருத்துவமனை எண் மேலே இருக்கிறது.