மோட்டாருக்கு வெளியே ஒரு காந்தச் சுருள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தூண்டல் மோட்டார்களில் ரோட்டர் பார் (சுழலும் பகுதியிலுள்ள கடத்திக் கம்பி) முறிவைக் கண்டறிய, மோட்டாரின் வெளிப்புறத்தில் கசியும் காந்தப் பாயத்தை அளக்கும் சுருளை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மின்னோட்டத்தை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் அலைமாலைப் பகுப்பாய்வை இன்றும் விட்டுவிடவில்லை. ஆனால் சந்தேகம் எழுந்தால் நான் நம்பி எடுப்பது இந்தச் சுருளைத்தான்.

மெல்லிய செப்புக் கம்பியைப் பல நூறு சுற்றுகள் சுற்றிய வட்டம், அவ்வளவுதான் கருவி. மோட்டாரை நிறுத்தவோ மின் இணைப்பில் கை வைக்கவோ வேண்டியதில்லை. வைக்கும் இடம் மட்டும் மாறக் கூடாது. முதல் ஆண்டில் வசதிப்பட்ட இடத்தில் வைத்து அளந்ததால், ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாத பதிவுகள் சேர்ந்தன. இப்போது பின்பக்க மூடியில் பெயிண்டால் வட்டம் போட்டு, அதே இடத்தில் மட்டுமே அளக்கிறேன்.

50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1470 சுற்று வேகத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டாருக்கு ஸ்லிப், அதாவது சுழலும் காந்தப் புலத்தைவிட ரோட்டர் பின்தங்கும் அளவு, 2 சதவீதம். பார் முறிந்தால் மின்னோட்டத்தில் 48, 52 ஹெர்ட்ஸில் பக்க முகடுகள் எழும். சுமை குறைந்தால் அவை 50 ஹெர்ட்ஸ் முகட்டோடு ஒட்டி மறைந்துவிடும். தண்டின் நீளவாக்கில் கசியும் அச்சுத் திசைப் பாயத்திலோ 1, 3 ஹெர்ட்ஸில் அடையாளம் தனித்து நிற்கிறது. ஆனால் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பதால், ஒரே அளவு பாயமானாலும் 1 ஹெர்ட்ஸ் குறிகை 50 ஹெர்ட்ஸின் ஐம்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். நல்ல பெருக்கியும் 100 விநாடிப் பதிவும் இல்லாமல் அது இரைச்சலில் காணாமல் போகும்.

இதன் உண்மையான பலம் மோட்டார் கிளம்பும் சில விநாடிகளில் இருக்கிறது. ரோட்டர் பழுதுபட்டிருந்தால், பாயத்தின் ஒரு கூறு 50 ஹெர்ட்ஸிலிருந்து பூஜ்ஜியம் வரை இறங்கி மீண்டும் ஏறும். நேர அதிர்வெண் படத்தில் அது பள்ளத்தாக்கு போலத் தெரியும். ஒரு மோட்டாரின் மின்னோட்டத்தில் பக்க முகடுகள் தெளிவாக இருந்தும், கிளம்பும்போது இந்தப் பள்ளத்தாக்கு வரவில்லை. ரோட்டரில் துருவங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக நான்கு குளிர்விப்புத் துளைகள் இருந்ததே அந்தப் பொய் எச்சரிக்கைக்குக் காரணம். ஸ்லிப் அதிகமாக உள்ள தொடக்க நேரத்தில் பாயம் ரோட்டரின் மேற்பரப்பை ஒட்டியே இருப்பதால் அந்தத் துளைகள் தொல்லை தருவதில்லை. அடுத்த பராமரிப்பில் கழற்றியபோது பார்கள் அனைத்தும் உறுதியாகவே இருந்தன.

கனமான மின்விசிறியை இழுக்கும் இன்னொரு மோட்டாரில் பள்ளத்தாக்கு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. ரோட்டரை வெளியே எடுத்தோம். அடுத்தடுத்த மூன்று பார்கள், அவற்றின் முனைகளை இணைக்கும் எண்ட் ரிங்கோடு பிரேசிங் செய்து பற்றவைத்த இடத்தில் நீலம் பாரித்துக் கறுத்திருந்தன; விரல் நகத்தை ஓட்டினால் விரிசல் தட்டுப்பட்டது. மோட்டாரைத் திறக்க நான் சொன்னதற்கு அந்தப் பதிவு மட்டுமே ஆதாரமாக இருந்ததால், அன்று பெரும் ஆறுதல் அடைந்தேன்.

அதிர்வெண் மாற்றி வழியாக இயங்கும் மோட்டார்களில் ஸ்லிப் தொடக்கத்திலிருந்தே குறைவாக இருப்பதால் இந்தத் தொடக்கச் சோதனை பயன்படாது. பக்கத்தில் அதிக மின்னோட்டம் செல்லும் கேபிள் இருந்தாலும் பதிவு கெடும். அத்தகைய இடங்களில் சுருளை மூடியின் மறுபுறத்திலும் வைத்து அளந்து, இரண்டிலும் தெரியும் அடையாளத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறேன்.